முடியாத தொடர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று பாகம், ஐந்து பாகம் என்று படித்துவிட்டு அடுத்ததற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வாசகர்கள் எந்த மொழியில் படித்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கதையின் முடிவையும் போட்டு உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முடியாத தொடர் என்று எதைச் சொல்கிறோம்?

ஆசிரியர் இறந்துபோனதால் நின்றவை உண்டு. விற்பனை போதவில்லை என்று பதிப்பகம் நிறுத்தியவை உண்டு. ஆசிரியர் உயிரோடு இருக்கிறார், எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொல்கிறார், ஆனால் புத்தகம் வரவில்லை என்கிற வகையும் உண்டு. கோபமெல்லாம் இந்த மூன்றாவது வகை மேல்தான். இரண்டாவது வகையோ யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஏன் முடிக்க மாட்டேன் என்கிறார்கள்? சோம்பல்தானே?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

தனி நாவல் எழுதுகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. முப்பதாவது அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டால் மூன்றாவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் ஒரு பாத்திரத்தையே எடுத்துவிடலாம், ஒரு திருமணத்தை ரத்து செய்யலாம், ஓர் ஊரை இடம் மாற்றலாம். தொடர் எழுதுகிறவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. முதல் பாகம் அச்சாகி வாசகர் கைக்குப் போயாயிற்று. அதில் அவசரத்தில் எழுதிய ஒரு வயது, ஒரு கோட்டையிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை நாள் பயணம், யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் இனிமேல் மாற்ற முடியாத சட்டம். முடிவு எப்படி வரும் என்று தெரியாத நிலையிலேயே தொடக்கத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார். ஒவ்வொரு பாகம் வெளியாகும்போதும் இன்னும் கொஞ்சம் பூட்டப்படுகிறது. அதனால்தான் தொடர்கள் பெரும்பாலும் முக்கால்வாசி தூரத்தில் வந்து நிற்கின்றன.

இதற்குப் பலரும் அறிந்த உதாரணம் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். தொலைக்காட்சியில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று வந்த கதையின் மூல நூல்களை எழுதியவர். முதல் பாகம் 1996-ல் வந்தது. மூன்று பாகத்தில் முடிப்பதாகத்தான் முதலில் திட்டம். 2000-ல் மூன்றாவது பாகம் வந்தபோது கதை பாதியில் இருந்தது. முக்கியப் பாத்திரங்களில் பலர் சிறுவர் சிறுமியர். அவர்கள் வளர வேண்டும் என்பதற்காக அடுத்த பாகத்தை ஐந்தாண்டு தாண்டித் தொடங்க நினைத்தார். எழுத உட்கார்ந்தபோது சில பாத்திரங்களுக்கு அந்த இடைவெளி சரியாகப் பொருந்தியது, சிலருக்குப் பொருந்தவில்லை. ராஜ்யம் பற்றி எரியும்போது ஒருவர் ஐந்து வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்? அதை விளக்கப் பின்னோக்கிய காட்சிகள், அவற்றை விளக்க மேலும் காட்சிகள். கடைசியில் இடைவெளியையே கைவிட்டு மறுபடி தொடங்கினார். அதற்குள் கதை ஒரு புத்தகத்தில் அடங்காத அளவுக்கு வீங்கிவிட்டது. பாத்திரங்களை இடவாரியாகப் பிரித்து ஒரு பாதியை 2005-ல், மறுபாதியை 2011-ல் வெளியிட்டார். பிறகு அந்த இரண்டு பாதியையும் ஆறாவது பாகத்தில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அங்கேதான் நிற்கிறது. 2011 ஏப்ரலில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 2019 மே மாதம் தன் முடிவைச் சொல்லிப் போய்விட்டது.

இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னவர்களும் தருவதில்லையே?

அமெரிக்க எழுத்தாளர் பேட்ரிக் ராத்ஃபஸ் தன் முத்தொடரின் முதல் பாகத்தை 2007-ல் வெளியிட்டபோது மூன்று பாகத்துக்கும் வரைவு ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லப்பட்டது. இரண்டாவது 2011-ல் வந்தது. மூன்றாவதுக்கு இன்றும் காத்திருக்கிறார்கள். வரைவு என்பது புத்தகம் இல்லை. இரண்டாம் பாகத்தைத் திருத்தும்போது கதை நகர்ந்துவிட்டால், மூன்றாம் பாகத்தின் பழைய வரைவு வேறொரு கதைக்கு எழுதியதாக ஆகிவிடும். “எழுதிவிட்டேன்” என்பதை வாசகர் ஒரு பொருளில் கேட்கிறார், எழுத்தாளர் வேறொரு பொருளில் சொல்கிறார்.

இதன் கடைக்கோடி உதாரணம் ரஷ்ய எழுத்தாளர் கோகோல். ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலின் முதல் பகுதி 1842-ல் வந்தது. இரண்டாம் பகுதியை ஒருமுறை எழுதி எரித்தார். திரும்ப எழுதினார். 1852 பிப்ரவரியில் ஓர் இரவு அதையும் அடுப்பில் போட்டார். சில நாட்களில் இறந்துபோனார்.

பணமும் புகழும் வந்ததும் அக்கறை போய்விடுகிறது என்கிறார்களே?

சிலருக்குப் போயிருக்கலாம். ஆனால் அப்போதே பெரும்புகழ் பெற்றிருந்த ஸ்டீபன் கிங் தன் ‘டார்க் டவர்’ தொடரை முடித்தார். 1982-ல் முதல் பாகம், 2004-ல் ஏழாவது. நடுவே 1999-ல் சாலையோரம் நடந்துபோனபோது வேன் மோதிப் பிழைத்ததே பெரிதாக இருந்தது. தேறி வந்து கடைசி மூன்று பாகத்தையும் வரிசையாக எழுதி வெளியிட்டார். தமிழில் ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கிய ‘வெண்முரசு’ வரிசை 26 நாவல்களாக 2020 ஜூலையில் நிறைவடைந்தது. பணமோ புகழோ இருப்பதை வைத்து ஒருவர் முடிப்பாரா மாட்டாரா என்று சொல்ல முடியாது.

முதல் பாகத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். முடிவைத் தர ஆசிரியர் கடமைப்பட்டவர் இல்லையா?

சட்டப்படி பார்த்தால் இல்லை. ஒப்பந்தம் ஆசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் இடையில்தான். குறித்த காலத்தில் கைப்பிரதி தராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை பதிப்பகத்துக்கு உண்டு, வாசகருக்குக் கிடையாது. நீங்கள் வாங்கியது ஒரு புத்தகம், அந்தப் புத்தகம் முழுசாகக் கையில் இருக்கிறது.

ஆனால் இந்தப் பதிலோடு விஷயம் முடிந்தது என்று சொல்வோரை நான் ஏற்பதில்லை. அட்டையில் ‘முதல் பாகம்’ என்று போட்டுத்தான் விற்கிறார்கள். அது ஒரு வாக்கு. அதை நம்பி ஆயிரம் பக்கம் படித்தவர் ஏமாற்றம் அடைவதில் நியாயம் இருக்கிறது, அவரைப் பேராசைக்காரர் போலப் பேசக் கூடாது. என் பார்வையில் ஆசிரியர் வாசகருக்குக் கடன்பட்டது முடிவு அல்ல, உண்மை நிலவரம். முடிவு வராமல் போகலாம், அது யார் கையிலும் இல்லை. “இன்ன இடத்தில் சிக்கியிருக்கிறேன், எப்போது வரும் என்று தெரியாது” என்று சொல்வது கையில் இருக்கிறது. 2016 ஜனவரியில் மார்ட்டின் அப்படித்தான் எழுதினார். பதிப்பகம் கொடுத்த கெடு போய்விட்டது, நீட்டித்துக் கொடுத்த வருடக் கடைசிக் கெடுவும் போய்விட்டது, இனித் தேதி சொல்லப்போவதில்லை என்று. படித்தவர்களுக்கு வருத்தம்தான், ஆனாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது.

எழுத முடியாவிட்டால் கதைச் சுருக்கத்தையாவது சொல்லிவிடலாமே?

முடிவு தெரிந்தால் சொல்லலாம். கிங்குக்கு அப்படி இரண்டு பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் புற்றுநோய் வந்த மூதாட்டி, இன்னொருவர் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த கைதி. கதை எப்படி முடியும் என்று மட்டும் சொல்லுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று கேட்டார்கள். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன், எனக்கே தெரியாது என்று பின்னால் எழுதினார். எழுதும்போதுதான் முடிவு கிடைக்கிறது என்கிற எழுத்தாளர்கள் நிறையப் பேர். அவர்களிடம் சுருக்கம் கேட்பது இல்லாததைக் கேட்பது.

தெரிந்தவர் சொன்னால் எவ்வளவு நிம்மதி என்பதற்கும் ஓர் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் மூன்றரை ஆண்டு வந்து 1954 மே மாதம் முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதினார். அதில் வாசகர்களின் கேள்விகளை எடுத்து, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று சுருக்கமாகப் பதில் சொன்னார். அது நாவலோடு சேர்த்தே இன்றும் அச்சாகிறது. இன்னும் நாலு பாகம் எழுதாமலே பலருடைய மனம் ஆறியது.

பதிப்பகமே தொடரை நிறுத்திவிடுமா? எல்லாப் பாகமும் வந்தபிறகு வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

நிறுத்தும். அதில் உங்கள் இந்தப் புத்திசாலித்தனத்துக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தொடரின் இரண்டாவது பாகம் முதல் பாகம் அளவுக்கு விற்பது அரிது. முதலாவதைப் படித்துப் பிடிக்காதவர்கள் விலகுவார்கள், பிடித்தவர்களில் சிலர் மறந்துபோவார்கள். முதலாவதைப் படிக்காமல் நேரே இரண்டாவதை வாங்குகிறவர் யாருமில்லை. கடைக்காரர்கள் முந்தைய பாகம் எத்தனை பிரதி போனது என்று பார்த்துத்தான் அடுத்ததற்கு எண்ணிக்கை சொல்கிறார்கள். குறைவாக வைத்தால் குறைவாக விற்கும், அதைப் பார்த்து மூன்றாவதற்கு இன்னும் குறைப்பார்கள். ஒரு கட்டத்தில் பதிப்பகம் கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்றாவது வேண்டாம் என்று சொல்லிவிடும். முழுசாக எழுதிவைத்த கைப்பிரதி ஆசிரியரின் மேஜையிலேயே கிடக்கும்.

“முடியட்டும், வாங்கிக்கொள்ளலாம்” என்று ஆயிரம் பேர் காத்திருந்தால் பெரிய பெயர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவர்கள் புத்தகம் பத்து வருஷம் கழித்து வந்தாலும் விற்கும். அடிபடுவது பெயர் தெரியாத புது எழுத்தாளர். மார்ட்டின் மேல் இருக்கும் கோபத்தை, முதல் நாவல் எழுதிய ஒரு புதியவரின் தலையில் இறக்கிவைக்கிறோம். முதல் பாகம் பிடிக்கும் போல் தோன்றினால் வந்தவுடனே வாங்குங்கள். படிப்பதை வேண்டுமானால் தள்ளிப்போடுங்கள்.

ஆசிரியர் இறந்தபின் வேறொருவர் முடிப்பது சரிதானா?

ரொம்பப் பழைய வழக்கம் இது. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் வடமொழியில் எழுதிய ‘காதம்பரி’யை அவர் மறைந்தபின் மகன் முடித்தார். தன் கவித்திறனைக் காட்டுவதற்காகத் தொடவில்லை, பாதியில் நின்றதற்காக நல்லோர் வருந்துவதைப் பார்த்துத்தான் தொடர்கிறேன் என்று அவர் தன் பகுதியின் தொடக்கத்தில் சொல்கிறார். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்தார்.

நம் காலத்தில் நன்றாக நடந்தது என்று நான் நினைப்பது ‘தி வீல் ஆஃப் டைம்’. ராபர்ட் ஜோர்டன் 1990-ல் தொடங்கினார். இதயத்தைத் தாக்கும் அரிய நோய் தனக்கு இருப்பது தெரிந்ததும், கடைசி மாதங்களில் கதை எப்படிப் போக வேண்டும் என்பதைக் குடும்பத்தாரிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவுசெய்ய வைத்தார். முடிவுக் காட்சியை முன்பே எழுதிவைத்திருந்தார். 2007 செப்டம்பரில் இறந்தார். அவருடைய மனைவி ஹேரியட் மெக்டூகல்தான் அந்தத் தொடரின் எடிட்டரும். பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டனுக்கு எழுதியிருந்த அஞ்சலியைப் படித்து, தொடரை முடிக்க ஹேரியட் அவரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே பாகமாகத் திட்டமிட்டது மூன்றாகி 2009, 2010, 2013 ஆண்டுகளில் வந்தது. நடை மாறியது, மாறத்தான் செய்யும். ஆனால் இருபது வருஷம் படித்தவர்கள் ஜோர்டனே எழுதிய கடைசிக் காட்சியில் போய்ச் சேர்ந்தார்கள்.

‘பெர்செர்க்’ என்ற ஜப்பானிய மாங்கா, அதாவது சித்திரக்கதைத் தொடர், இன்னொரு மாதிரி. கென்டாரோ மியுரா 2021 மே மாதம் இறந்தார். குறிப்புகள் பெரிதாக இல்லை. ஆனால் பள்ளிக்கால நண்பர் கோஜி மோரியிடம் பல ஆண்டுகளுக்கு முன்பே கதை முழுவதையும் சொல்லியிருந்தார். நண்பரின் நினைவை நம்பி, மியுராவின் உதவியாளர்கள் வரைய, 2022 ஜூனில் தொடர் மறுபடி தொடங்கியது. மியுரா சொன்னதை மட்டுமே தருவேன், என் சொந்தச் சரக்கைச் சேர்க்க மாட்டேன் என்று மோரி வாசகர்களிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த முன்னறிவிப்புதான்.

ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்?

விட்டுவிட வேண்டும். ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் முடிக்காத எழுத்துகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை, அவர் விருப்பப்படியே 2017-ல் நீராவி ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். சூ கிராஃப்டன் 1982 முதல் ஆங்கில எழுத்து வரிசைப்படி துப்பறியும் நாவல்கள் எழுதிவந்தார். ‘ஒய்’ வெளியான 2017-லேயே இறந்தார். பாக்கி ஒரே எழுத்து. அம்மாவுக்கு வேறொருவர் எழுதுவதில் சம்மதமில்லை, எங்களைப் பொறுத்தவரை எழுத்து வரிசை ‘ஒய்’யோடு முடிகிறது என்று குடும்பம் அறிவித்துவிட்டது.

மறுபக்கத்தில் ரோமானியக் கவிஞர் வெர்ஜில் இருக்கிறார். தன் காவியம் ‘ஈனியட்’ திருத்தி முடியவில்லை, எரித்துவிடுங்கள் என்றார். அகஸ்டஸ் பேரரசர் கேட்கவில்லை. பாதியில் நிற்கும் வரிகளோடு அது இரண்டாயிரம் ஆண்டாகப் படிக்கப்படுகிறது. அகஸ்டஸ் செய்தது எனக்குப் பயன்பட்டிருக்கிறது, அதற்காக அது சரி என்று சொல்ல மாட்டேன்.

முடிவு எடுக்கும் உரிமை யாருக்கு?

பதிப்புரிமை வாரிசுகளுக்குப் போகும். நாட்டைப் பொறுத்து ஆசிரியர் இறந்து பெரும்பாலும் 50, 60 அல்லது 70 ஆண்டு வரை இருக்கும். செல்லுபடியாகும் உயில் இல்லாவிட்டால் ஆசிரியரை நன்றாக அறிந்தவர் கையில் எதுவும் இல்லாமல் போகலாம். ஸ்வீடனின் ஸ்டீக் லார்சன் 2004-ல் திடீரென இறந்தபோது அவருடைய மூன்று நாவல்களில் ஒன்றுகூட வெளிவந்திருக்கவில்லை. பல்லாண்டு ஒன்றாக வாழ்ந்த துணைவி ஈவா காப்ரியெல்சனை அவர் சட்டப்படி மணந்திருக்கவில்லை. எல்லா உரிமையும் தந்தைக்கும் சகோதரருக்கும் போனது. நான்காவது நாவலின் பாதி வரைவு வெளிவரவே இல்லை. 2015-ல் வேறோர் எழுத்தாளர் புதிதாக ஒரு கதையை எழுதித் தொடரை நீட்டினார். காப்ரியெல்சன் எதிர்த்தும் பயனில்லை.

செயற்கை நுண்ணறிவை வைத்து முடித்துக்கொள்ளலாமே?

உங்கள் அறையில், உங்களுக்காக மட்டும் என்றால் தடுப்பார் யாருமில்லை. வெளியிட்டால் பதிப்புரிமைச் சிக்கல். 2023 செப்டம்பரில் சாட்ஜிபிடி நிறுவனத்தின் மேல் எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில் மார்ட்டினும் ஒருவர். சட்டத்தை விடுங்கள், நீங்கள் காத்திருப்பது ஏதாவது ஒரு முடிவுக்காக அல்ல. இந்த ஆள் இதை எப்படி முடிப்பார் என்பதற்காக. அதை வேறு எதுவும் தர முடியாது.

அப்படியானால் முடியாத தொடரைப் படிக்கத் தொடங்கலாமா?

தாராளமாக. சார்ல்ஸ் டிக்கன்ஸ் கடைசியாக எழுதிய ‘எட்வின் ட்ரூட்’ பன்னிரண்டு மாத இதழ்களாகத் திட்டமிட்டது. ஆறு இதழ்களுக்குத்தான் எழுதியிருந்தார். 1870 ஜூன் 8-ம் தேதி பகல் முழுக்க எழுதினார், மாலையில் மூளைத் தாக்கு, மறுநாள் இறந்தார். கொலையாளி யார், கொலை நடந்ததா என்பதே திட்டவட்டமாகச் சொல்லப்படவில்லை. 1914-ல் லண்டனில் அந்தக் கதையின் பாத்திரத்தைக் கூண்டில் ஏற்றி மாதிரி விசாரணை நடத்தினார்கள். ஜி. கே. செஸ்டர்டன் நீதிபதி, பெர்னார்ட் ஷா ஜூரிகளின் தலைவர். முடிந்த கதையாக இருந்தால் இத்தனை பேர் இத்தனை காலம் பக்கம் பக்கமாகத் தடயம் தேடியிருப்பார்களா என்று தெரியவில்லை. பாரதியின் ‘சந்திரிகையின் கதை’யும் 1921-ல் அவர் மறைந்தபோது பாதியில் நின்றதுதான். இருக்கிற பக்கங்களுக்காக அதைப் படிக்கிறோம்.

ஒன்றே ஒன்று: மர்மத்தின் விடைக்காகவே படிப்பவர் நீங்கள் என்றால் முடிந்த தொடர்களாகப் பார்த்து எடுங்கள். மனிதர்களுக்காகவும் மொழிக்காகவும் படிப்பவர் என்றால் பயப்பட வேண்டாம்.

ஆசிரியருக்கு எழுதிக் கேட்கலாமா?

எழுதுங்கள். எது பிடித்தது என்று எழுதுங்கள். “எப்போது வரும்” என்ற கேள்வியை அவர் ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்டிருப்பார். “நீங்கள் சாவதற்குள் முடிப்பீர்களா” என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த மனிதரிடமும் கேட்கக் கூடாத கேள்வி அது.

நானே ஒரு தொடர் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும்?

வயது, தூரம், உறவுமுறை, கொடுத்த வாக்குகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே வாருங்கள். முடியுமானால் இரண்டாம் பாகத்தின் வரைவை முடித்தபிறகு முதல் பாகத்தை அச்சுக்குக் கொடுங்கள், பூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை திருத்தும் வாய்ப்பு கிடைக்கும். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பெரிய கேள்விக்காவது விடை சொல்லிவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் முழுக் கதையையும் சொல்லிவையுங்கள். உங்களுக்குப் பிறகு யார் முடிக்கலாம், யாரும் தொடக் கூடாதா என்பதை உயிலில் எழுதுங்கள்.

சரி, இத்தனைக்கும் பிறகு முடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் வாசகர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். காரணம் விரிவாக வேண்டாம், நீண்ட மன்னிப்பும் வேண்டாம். நிறுத்துகிறேன் என்ற ஒரு வரியும், முடிவு தெரிந்திருந்தால் அதன் சுருக்கமும் போதும். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் தேதி மட்டும் கொடுக்காதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.